ராத்திரி எத்தனை அடியில தூங்கப் போறீங்க?

மே மாதம் பிறந்தால் தில்லித் தமிழர் வீடுகள் எல்லாம் சத்திரம் ஆகிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார், சித்தப்பா குடும்பம் என்று வரிசையாக வந்து இறங்குவார்கள். முன்பெல்லாம் ஆக்ரா, ஹரித்வார், ரிஷிகேஷ், கொஞ்சம் தெம்பு இருந்தால் பத்ரிநாத். இதோடு திருப்தியாக ஊர் திரும்புவார்கள். இப்போது எல்லோருக்கும் லே-லடாக் போயாக வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி.யில் லடாக்குக்கு விமானத்தில் போகப் பல வருஷமாகத் தனிச் சலுகை கொடுத்தார்கள். எங்களை மாதிரி பேங்க்காரர்களுக்கு எல்.எஃப்.சி. இருக்கிறது. தில்லியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். அப்புறம் என்ன, "அஞ்சு ராத்திரி ஆறு பகல்" பேக்கேஜ் ஒன்றை வாங்கி, எழுபது வயது அப்பாவையும் ஏழு வயதுப் பிள்ளையையும் ஒரே இன்னோவாவில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

லடாக் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போக வேண்டிய இடம்தான். என் சண்டை அந்தப் பேக்கேஜ் தாளோடு. மலை ஏறி மயங்கி விழுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து மலையில் ஆரம்பிப்பதில்லை. ஏஜெண்ட் கொடுத்த ஏ-4 தாளில், இரண்டாம் நாள் என்று போட்டிருக்கும் வரியில் ஆரம்பிக்கிறது. அதை விதி, வயசு, பலவீனம் என்று வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவதை நாம் நிறுத்த வேண்டும்.

முதலில் கணக்கு. நம் ஆட்களுக்கு மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல். "தொட்டபெட்டா வரைக்கும் ஏறினேன், ஒண்ணும் ஆகலையே" என்பார் மாமா. தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர், அதாவது 11,500 அடி. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரத்துக்கு மேலே இன்னும் 850 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் லே பஸ் ஸ்டாண்டே வரும். அங்கிருந்து கர்துங் லா கணவாய் சுமார் 5,350 மீட்டர். (அங்கே பல வருஷம் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தால் 17,600 அடிக்குள்தான். செல்ஃபிக்கு 18,380தான் அழகு, அது வேறு விஷயம்.)

காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லாவில் பாதி. உடம்பு இதற்கும் பழகிக்கொள்ளும், மூச்சை வேகமாக்கும், ரத்தத்தைச் சரிக்கட்டும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும், மணிக்கணக்கு போதாது. காசு கொடுத்தால் விமானம் வேகமாகப் போகும், உடம்பு அப்படிப் போகாது.

இந்த அவகாசத்தைக் கொடுக்காவிட்டால் மூன்று விதமாக வரும்.

ஒன்று, சாதாரண மலைநோய். போய் இறங்கி ஒரு நாளுக்குள் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கம் பிடிக்காமை. அதே உயரத்தில் சும்மா படுத்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அந்தத் தலைவலியோடு இன்னும் மேலே போனால்தான் வினை.

இரண்டு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகும், உள்ளே அழுத்தம் ஏறும், நீர் கசிந்து காற்றுப் பைகளை நிரப்பும். மேலே போன இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், பெரும்பாலும் ராத்திரியில் முற்றும். முதலில் வறட்டு இருமலும், நாலடி நடந்தாலே இரைப்பும். பிறகு உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும். கடைசியில் இளஞ்சிவப்பு நுரை. இதில் ஒரு மோசம் என்னவென்றால், தலைவலியே இல்லாமலும் இது வரலாம்.

மூன்று, மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் வரும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாளுக்குள் கோமா, மரணம் வரை போகும்.

இவை நம்மை ஏமாற்றுகிற விதம்தான் கொடுமை. தலைவலியா, "பித்தம்". குமட்டலா, "காலைல ஃப்ளைட்ல சாப்பிட்ட சாண்ட்விச்". இருமலா, "குளிர்ல சளி பிடிச்சிருக்கு". தள்ளாட்டமா, "பாவம், களைச்சுப் போயிட்டாங்க, தூங்கட்டும்". எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரு வீட்டு விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கத்தை நம்பித் தூங்க வைத்தவரை விடியற்காலையில் எழுப்ப முடியாமல் போகலாம்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். போன வருஷம் என் சித்தப்பா, சித்திக்காகச் சென்னையில் ஒரு ஏஜெண்ட் அனுப்பியது (பெயர் வேண்டாம், எல்லோர் தாளும் கிட்டத்தட்ட இதேதான்). முதல் நாள் லே வருகை, மதியம் சாந்தி ஸ்தூபா, லே அரண்மனை. இரண்டாம் நாள் கர்துங் லா வழியாக நூப்ரா, ஒட்டகச் சவாரி. மூன்றாம் நாள் ஷ்யோக் வழியாக பாங்காங் ஏரி, கூடாரத்தில் தங்கல். நாலாம் நாள் சாங் லா வழியாக லே. ஐந்தாம் நாள் லே சுற்றிப் பார்த்தல், ஷாப்பிங். ஆறாம் நாள் விமானம். ஓட்டல் பெயர் இருக்கிறது, டிபனில் என்ன என்று இருக்கிறது, வெல்கம் ட்ரிங்க் கூட இருக்கிறது. எந்த ஊர் எத்தனை மீட்டர் என்று மட்டும் எங்கேயும் இல்லை.

நான் பி.காம்.காரன், தாளைக் கண்டால் பக்கத்தில் ஒரு பத்தி போட்டு எண்களை எழுதிப் பார்க்கிற பழக்கம். தூங்கும் உயரம்: முதல் ராத்திரி 3,500. இரண்டாவது 3,100. மூன்றாவது பாங்காங், சுமார் 4,250. மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிற விதி, 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதே, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இரு என்பது. இந்தத் தாள் கடல் மட்டத்திலிருந்து வந்த மூன்றாம் ராத்திரியில் ஒரே மூச்சில் 1,150 மீட்டர் ஏற்றுகிறது. அதற்கு முந்தின நாளே 5,350 மீட்டர் கணவாயைத் தாண்ட வைத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மலைநோய் முற்றினால் முதல் மருந்து கீழே இறங்குவது. 300 மீட்டர் இறங்கினாலே சிலருக்குத் தேறும், ஆயிரம் மீட்டர் இறங்கினால் பெரும்பாலோருக்கு. ஆனால் பாங்காங்கில் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள்? லேயின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நேர் வழியில் சாங் லா நிற்கிறது, அதுவும் சுமார் 5,350 மீட்டர். இறங்க வேண்டிய உடம்பை முதலில் இன்னும் ஆயிரம் மீட்டர் ஏற்ற வேண்டும். ஷ்யோக் வழியாக நூப்ராவுக்கு இறங்கலாம், அது பல மணி நேரப் பயணம், நூப்ராவிலிருந்து லே போக மறுபடி கர்துங் லா. சரி, லே வந்தாயிற்று, தில்லிக்கு ஓடிவிடலாம் என்றால் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையில்தான். இதெல்லாம் தெரிந்துதானே மூன்றாம் ராத்திரியை அங்கே போடுகிறார்கள்?

ஏஜெண்டிடம் கேட்டேன். "பாங்காங்ல தூங்கற உயரம் எவ்வளவு சார்?" ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "கவலையே படாதீங்க சார், வண்டியில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு" என்றார். வீடு கட்டும்போதே தீப்பிடிக்கிற மாதிரிக் கட்டிவிட்டு, வாசலில் வாளித் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்பது போல இருந்தது. ஆக்சிஜன் நல்ல முதலுதவிதான், சந்தேகமில்லை. கீழே கொண்டு போகும் வரை உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் கடையில் விற்கிற அந்தச் சின்ன ஸ்பிரே டப்பா சில நிமிஷத்தில் காலி. பெரிய சிலிண்டரும் ராத்திரி முழுக்க வருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த பதில் கற்பூரம். கைலாயம், அமர்நாத் போகிறவர்கள் துணியில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு முகர்வார்கள். கற்பூரம் மூக்கில் ஜிலுஜிலுவென்று இருக்கும், மூச்சு நன்றாகப் போவது போலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜனை ஒரு துளி கூட்டாது. சாமிக்கு ஏற்றுங்கள், ஆட்சேபணை இல்லை. தயவுசெய்து மருந்தாக நம்பாதீர்கள்.

மூன்றாவது பதில், "நம்ம பையன் டெய்லி ஜிம் போறான், அவனுக்கு வராது". உடற்பயிற்சி இதிலிருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால் தெம்பான இளவட்டங்கள்தான் தலைவலியைச் சட்டை பண்ணாமல் ஓடியாடி விழுகிறார்கள். 1953-ல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற எட்மண்ட் ஹிலாரி, 1977-ல் கங்கை முகத்துவாரத்திலிருந்து மேலே வந்த பயணத்தின் கடைசியில், பத்ரிநாத்துக்கு மேலே உள்ள மலையில் மலைநோயால் விழுந்து அவசரமாகக் கீழே கொண்டுவரப்பட்டார். ஹிலாரியையே விடாத நோய் நம் ஜிம் பையனை விட்டுவிடுமா?

நாலாவதுதான் எல்லோரும் சொல்வது. "எத்தனையோ பேர் இதே பேக்கேஜ்ல போயிட்டு வந்தாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" லோன் கேட்டு வருகிற நூறு பேரில் பெரும்பாலானவர்கள் ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்கள். அதற்காக நாங்கள் யாரையும் விசாரிக்காமல் பணத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. கட்டாமல் போகிற அந்தச் சிலருக்காகத்தான் அத்தனை காகிதமும் கையெழுத்தும். அங்கே போவது பேங்க் பணம், இங்கே உங்கள் அம்மா.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு நம்முடையது. 1962 சீனப் போரை ஒட்டிச் சமவெளிச் சிப்பாய்களைக் கூட்டம் கூட்டமாக விமானத்தில் ஏற்றி இமயத்தில் இறக்க வேண்டி வந்தது. பலர் எதிரியைப் பார்க்காமலே நோயில் விழுந்தார்கள். அவர்களைக் கவனித்த இந்திய ராணுவ டாக்டர்கள் 1,925 சிப்பாய்களின் அனுபவத்தை 1969-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற கட்டுரை அது. அந்தப் பாடத்தால் நம் ராணுவம் வைத்திருக்கிற ஒழுங்கு இது: 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் ஆறு நாள் பழக வேண்டும். அடுத்து 15,000 அடி வரை போக இன்னும் நாலு நாள். அதற்கும் மேலே போக மறுபடி நாலு நாள். லே முதல் கட்டத்தில்தான் வருகிறது. இருபத்திரண்டு வயது ஜவானுக்கு ஆறு நாள், சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற சித்தப்பாவுக்கு ஒரு ராத்திரி! சிப்பாய் அங்கே தங்கி மூட்டை சுமக்கிறவர், நாம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ஒப்புக்கொள்கிறேன். நானும் பதினாலு நாள் கேட்கவில்லை. லே நிர்வாகமே சொல்கிற 48 மணி நேர ஓய்வை முழுசாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

யாத்திரைகளில் அரசாங்கம் கொஞ்சமாவது விழித்துக்கொண்டது. 2012-ல் அமர்நாத் பாதையில் பக்தர்கள் அடுத்தடுத்து இறந்தபோது உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இப்போது மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் பதிவே கிடையாது, வயது வரம்பும் உண்டு. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாய யாத்திரையில் தில்லியில் ஒரு முறையும், வழியில் மலையிலேயே மறுபடியும் உடல் பரிசோதனை செய்து, தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பேக்கேஜ் டூரில் போகிறவருக்கு? பணம் கட்டின ரசீதுதான் தகுதிச் சான்றிதழ்.

நான் கேட்பது பெரிய சட்டமெல்லாம் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் நாங்கள் கொடுக்கிற சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு. வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாம் வாடிக்கையாளருக்குப் புரிகிற மொழியில் ஒரே இடத்தில். அதே மாதிரி, 2,500 மீட்டருக்கு மேல் கூட்டிப் போகிற ஒவ்வொரு டூர்க்காரரும் தாளில் நாலு விஷயம் அச்சடிக்கட்டும். ஒவ்வொரு ராத்திரியும் தூங்கும் உயரம். அன்றைக்குத் தாண்டும் அதிகபட்ச உயரம். அங்கிருந்து பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம், வழியில் கணவாய் உண்டா. உடம்பு முடியாமல் நடுவில் திரும்பினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் ரிஸ்க் இருக்கிறது என்று ஒருவர் மூச்சு விடாமல் படிக்கிறாரே, பணத்துக்கே அவ்வளவு எச்சரிக்கை என்றால் மூச்சுக்கு வேண்டாமா?

அந்த நாலாவது விஷயத்தைச் சும்மா சேர்க்கவில்லை. பணம் திரும்ப வராது என்ற ஒரே காரணத்துக்காகத் தலைவலியை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் நம் வீட்டுக் கதையும் வருகிறது. "ரெண்டு நாள் ரூம்லயே படுத்திருக்கறதுக்கா இத்தனை ஆயிரம் கட்டினோம்?" என்று ஏஜெண்டோடு பேரம் பேசுவது நம் ஆட்கள்தான். ஓய்வு நாள் போட்டவரை விட்டுவிட்டு, அதே காசுக்கு மூன்று ஏரி காட்டுகிறவரிடம் போகிறார்கள். ஏஜெண்ட் வியாபாரி, கேட்கிறதைத்தான் விற்பார். இன்னொரு பக்கம், நம் அம்மாக்கள். பிள்ளை லீவு போட்டு, கடன் வாங்கி, ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறான், நம்மால் டூர் கெடக்கூடாது என்று வாயைத் திறக்க மாட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்லடா, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள். வாழ்நாள் முழுக்க வலியை மறைத்துப் பழகியவர்களை, வலியைச் சொன்னால்தான் பிழைக்க முடியும் என்கிற இடத்துக்குக் கூட்டிப் போகிறோம். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்கக் கூடாது. காலையிலும் ராத்திரியிலும் நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, என்னதான் செய்வது?

அந்தத் தாளில் ஐந்தாம் நாளாக இருக்கிற "லே சுற்றிப் பார்த்தல்" இருக்கிறதே, அதைத் தூக்கி முன்னால் போடுங்கள். ஒரு பைசா கூடுதல் செலவில்லை. கணவாய் மூடிக்கொண்டால் விமானத்தைத் தவறவிடாமலிருக்கக் கடைசியில் ஒரு நாள் கையில் வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் நூப்ரா, பாங்காங் இரண்டில் ஒன்றை வெட்டுங்கள். பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் பாங்காங்கில் ராத்திரித் தங்கலை வெட்டுங்கள்.

நேரம் இருக்கிறவர்கள் ஸ்ரீநகரிலிருந்து ரோட்டில் போகலாம். வழியில் கார்கில் 2,700 மீட்டருக்குள்தான், அங்கே தூங்கி எழுந்து போனால் உடம்புக்குப் படிக்கட்டு மாதிரி. மணாலி வழி பார்க்கப் படிக்கட்டு போலத் தெரியும், ஆனால் சர்ச்சுவில் தங்க வைத்தால் அது 4,290 மீட்டர். 2020-ல் அடல் சுரங்கம் திறந்தபின் மணாலியிலிருந்து ஏறுவது இன்னும் வேகம்.

தலைவலி, குமட்டல் இருக்கிறவரை இன்னும் மேலே ஏற்றாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்க முடியாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆக்சிஜன், ஆஸ்பத்திரி, இறக்கம் மூன்றுக்கும் உடனே ஏற்பாடு செய்யுங்கள். மேலே இருக்கிற நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைடு மாத்திரை பழகுவதைத் துரிதப்படுத்தும், ஏறுவதற்கு முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கு ஆகாமல் போகலாம். அதனால் உங்கள் டாக்டரைக் கேட்டு மட்டும். மாத்திரை போட்டாச்சு, இனி நேரே பாங்காங் என்று கிளம்பாதீர்கள்.

ஏஜெண்டுக்குப் போன் போடும்போது ரேட் கேட்பதற்கு முன்னால் தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேளுங்கள். எத்தனை அடியில் தூங்க வைக்கப் போகிறீர்கள் என்று. பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினோராவது தாளில் அது தானாக அச்சாகிவிடும். பதில் தெரியாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சித்தப்பாவும் சித்தியும் வேறொருவர் மூலமாகப் போய், லேயில் மூன்று ராத்திரி தங்கி, பாங்காங் பார்க்காமலே திரும்பினார்கள். "ஏரியைக் காட்டலியேடா" என்று சித்திக்கு இன்னும் என் மேல் கோபம். இருக்கட்டும். கோபப்பட ஆள் இருக்கிறார்களே, அது போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்து சரி பார்க்கிறவன். இதய நோய், பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா இருக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள், போட்ட பிறகு அல்ல. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால், எத்தனை மீட்டருக்கு மேல் செல்லாது என்கிற பொடி எழுத்தையும் ஒரு தரம் படித்துவிடுங்கள்.